மரம் நடு, லைட்ட அணை, பை எடுத்துட்டு போ... இதுக்கு பேரு சயின்ஸா?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். நான் படிக்கறது கம்ப்யூட்டர், ஆனா இந்த செமஸ்டர்ல சுற்றுச்சூழல் அறிவியல்னு ஒரு பேப்பர் கட்டாயம்னுட்டாங்க. புக்க தொறந்தா மொத வரியே "நம்மைச் சுற்றியுள்ள அனைத்தும் சுற்றுச்சூழல் எனப்படும்". சரி, அப்ப எது தான் சுற்றுச்சூழல் இல்ல? அடுத்த பக்கம் மரம் நடணும், தண்ணிய வீணாக்கக் கூடாது, பிளாஸ்டிக் வேண்டாம், லைட்ட அணைக்கணும். இதெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் டிராயிங் போட்டியில வரைஞ்சு டிபன் பாக்ஸ் பரிசு வாங்குன சமாச்சாரம். கேள்வி ரெண்டே ரெண்டு தான். இது நெஜமாவே சயின்ஸா, இல்ல நல்லொழுக்க வகுப்பா? ரெண்டாவது, நான் ஒருத்தன் பல்லு வெளக்கும்போது குழாய மூடுறதால உலகத்துல என்ன மாறிடப் போகுது? கிண்டலுக்கு கேக்கல, உண்மையிலயே புரியல.

அரைகுறை_ஞானி:
நல்லொழுக்க வகுப்பு தான் தம்பி. ரெண்டு மார்க்குக்கு "மரம் வளர்ப்போம்"னு எழுது, பத்து மார்க்குக்கு அதையே அஞ்சு தடவ எழுது. பாஸ்.

பழைய_வாத்தியார்:
ஞானி சொல்றபடி எழுதுனா பாஸ் ஆயிடலாம், அது வாஸ்தவம். ஆனா மழைக்குருவி, நான் இதே பாடத்த ரொம்ப வருஷம் நடத்துனவன், மொத நாள் வரையறையே நடத்த மாட்டேன். ஒரு கண்ணாடி வீட்டோட கதைய சொல்லுவேன், அத இங்கயும் சொல்றேன்.

1991 செப்டம்பர் 26. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல பயோஸ்ஃபியர் 2னு ஒரு பெரிய கண்ணாடி கூடாரம். (பயோஸ்ஃபியர் 1 எதுன்னு ஒருத்தன் கட்டாயம் கேப்பான். நீ நிக்கிற பூமி தான்டா அது.) சுமார் 1.27 ஹெக்டேர், உள்ள குட்டியா ஒரு மழைக்காடு, புல்வெளி, சதுப்பு நிலம், பவளப்பாறையோட ஒரு சின்ன கடல், பயிர் வைக்க நிலம். எட்டு பேர் உள்ள போய் கதவ சாத்திக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் வெளியில இருந்து காத்து கூட வரக்கூடாதுன்றது ஏற்பாடு. உள்ள பச்சைப்பசேல்னு செடி கொடி, எட்டே எட்டு மனுஷங்க, அப்ப ஆக்ஸிஜனுக்கு என்ன பஞ்சம்?

பஞ்சம் தான் வந்துச்சு. வழக்கமா காத்துல 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் மாசாமாசம் கொறஞ்சு பதினாறு மாசத்துல 14 சொச்சத்துக்கு வந்துருச்சு. நாலாயிரம் மீட்டர் மலை உச்சியில குடும்பம் நடத்துற மாதிரி. படி ஏறுனா மூச்சு வாங்குது, தூக்கம் வரல, பேசிட்டிருக்கும்போதே நிறுத்தி மூச்ச இழுத்துக்கணும். கடைசியில 1993 ஜனவரியில வெளியில இருந்து ஆக்ஸிஜன் கொண்டு வந்து உள்ள விட்டாங்க.

ஆக்ஸிஜன் எங்க போச்சுன்னு யோசிச்சு சொல்லுங்க, அப்பறம் மிச்சத்த சொல்றேன். இந்த கேள்விக்கு பதில் தேடுறது தான் தம்பி இந்த சயின்ஸ்.

மழைக்குருவி:
சார் பாதியில நிறுத்திட்டீங்களே. எட்டு பேரும் சுவாசிச்சே தீத்துட்டாங்களா?

கணக்குப்பிள்ளை:
எட்டு பேரால அவ்வளவு குடிக்க முடியாது. மண்ணு தானே சார்? மண்ணுல இருக்கற பாக்டீரியா.

பழைய_வாத்தியார்:
பாதி பதில் சரி. பயிர் செழிப்பா வரணும்னு உள்ள நல்ல எரு மண்ணா கொட்டி வச்சிருந்தாங்க. அதுல இருந்த நுண்ணுயிரிங்க எருவ தின்னு ஆக்ஸிஜன இழுத்து கார்பன் டை ஆக்சைட வெளிய விட்டுச்சு, செடிங்க அத திரும்ப ஆக்ஸிஜனா மாத்துறத விட வேகமா. ஆனா அப்படின்னா கொறஞ்ச ஆக்ஸிஜனுக்கு ஈடா கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கணும்ல? அந்த அளவுக்கு ஏறல. வரவு செலவு டேலி ஆகல. கல்லாவுல காசு இல்ல, சாமானும் இல்ல, திருடன் யாருன்னு தெரியல.

திருடன் செவுரு. கட்டடத்துல பூசாம விட்டிருந்த புது கான்கிரீட்டு, அதுல இருக்கற கால்சியம் ஹைட்ராக்சைடு காத்துல இருந்த கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி சுண்ணாம்புக்கல்லா மாத்தி தனக்குள்ளயே வச்சிக்கிச்சு. கார்பனோட சேந்து ஆக்ஸிஜனும் செவுத்துக்குள்ள போயிருச்சு, செடிக்கு திரும்ப கிடைக்கல. செவுத்த தோண்டி எடுத்து சோதிச்சு தான் கண்டுபிடிச்சாங்க.

இதோட முடியல. மகரந்தச் சேர்க்கை பண்ற பூச்சியெல்லாம் செத்துப் போச்சு, கரப்பானும் எறும்பும் பல்கிப் பெருகிச்சு, முதுகெலும்புள்ள பிராணிங்க 25 வகை விட்டதுல 19 வகை அழிஞ்சு போச்சு. உள்ள இருந்தவங்க எளைச்சு துரும்பாயிட்டாங்க. பெரிய பெரிய நிபுணருங்க ஒக்காந்து பிளான் போட்டு எட்டு பேருக்கு ரெண்டு வருஷம் காத்து மட்டும் குடுக்க முடியல. பூமி அத எண்ணூறு கோடி பேருக்கு தெனமும் சத்தமில்லாம குடுத்துட்டிருக்கு. எப்படி குடுக்குது, எங்க இருந்து எடுத்து எங்க வைக்குது, எந்த வேகத்துல, எது எடுத்துட்டா நின்னு போகும், இது தான் பாடம். உன் புக்கு இத விட்டுட்டு நேரா "லைட்ட அணை"க்கு போயிருச்சு, அதுக்கு நீ என்ன பண்ணுவ பாவம்.

மழைக்குருவி:
சார் இது செம. ஆனா இப்ப வேற குழப்பம். மரம் ஆக்ஸிஜன் குடுக்குது, அதனால மரம் நடணும்னு தானே சின்ன வயசுலருந்து சொல்றாங்க? உள்ள அவ்வளவு செடி இருந்தும் பத்தலன்னா?

மண்வாசனை:
நடுவுல வரேன், மன்னிக்கணும். மரம் பகல்ல ஆக்ஸிஜன் விடும், அதே மரம் ராத்திரியும் பகலும் சுவாசிக்கும், உதிர்ந்த இலை மக்கும்போது நுண்ணுயிர் ஆக்ஸிஜன எடுத்துக்கும். நல்லா முத்துன காடு ஒண்ண எடுத்துக்கிட்டா உண்டாக்குற ஆக்ஸிஜன கிட்டத்தட்ட பூரா அதுவே செலவழிச்சிரும். காத்துல இருக்கற 21 சதவீதம் கோடிக்கணக்கான வருஷமா கொஞ்சங்கொஞ்சமா சேந்த சேமிப்பு. நாளைக்கே காடெல்லாம் போனாலும் நம்ம மூச்சு நிக்காது. ஆனா காடு போனா மண்ணு போகும், மழையோட போக்கு மாறும், அதுல சேத்து வச்ச கார்பன் காத்துக்கு வந்துரும், அது தான் உண்மையான நஷ்டம். மரம் நடுறது நல்லது தான், காரணம் தான் தப்பா சொல்லிக்குடுத்துட்டாங்க.

ராத்திரிஷிப்ட்:
எல்லாம் சரிங்க. கார்பன் கார்பன்னு இவ்வளவு பேசுறீங்களே, காத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கு? 0.04 சதவீதம். பத்தாயிரத்துல நாலு. அந்த துளியூண்டு கேஸு ஒலகத்தையே சூடாக்குதாம். பனியுகம் வந்தப்ப எந்த காரு ஓடுச்சு? பருவநிலை எப்பவும் மாறிட்டே தான் இருந்திருக்கு. நான் சண்டைக்கு வரல, கேக்கறதுக்கு யாரும் நேரா பதில் சொல்றதில்ல.

பழைய_வாத்தியார்:
நேராவே சொல்றேன். காத்துல 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும். அது ரெண்டுக்கும் பூமியில இருந்து கெளம்புற வெப்பக் கதிர் கண்ணுக்கே தெரியாது, அப்படியே விட்டுரும். பிடிக்கறது நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் மாதிரி சில்லறை கேஸுங்க தான். அதனால பத்தாயிரத்துல நாலுன்ற கணக்கு இங்க செல்லாது. வேலை பாக்குற கேஸுல எத்தனன்னு பாக்கணும். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு இங்க் விட்டா தண்ணி நீலமாகுதா இல்லையா? யூனிஸ் ஃபுட்னு ஒரு அம்மா 1856லயே கண்ணாடிக் குழாய்ல கார்பன் டை ஆக்சைட அடைச்சு வெயில்ல வச்சு, சாதா காத்த விட இது அதிகமா சூடாகுது, ஆறவும் நேரம் பிடிக்குதுன்னு எழுதி வச்சிருக்காங்க. டிண்டால்னு ஒரு விஞ்ஞானி 1859ல அளந்தே காட்டுனாரு. இந்த கேஸுங்க மட்டும் இல்லன்னா பூமியோட சராசரி வெப்பம் சுமார் மைனஸ் 18 டிகிரி, இப்ப இருக்கறது ப்ளஸ் 15 பக்கம். அந்த துளியூண்டு தான் நம்மள ஐஸ் கட்டியாகாம வச்சிருக்கு.

பருவநிலை எப்பவும் மாறுது, உண்மை. காட்டுத்தீ கூட எப்பவும் வந்திருக்கு, அதனால தீ வைக்கிறவனே கெடையாதுன்னு ஆயிடுமா? 1958ல சார்லஸ் கீலிங் ஹவாய் தீவுல மௌனா லோவா மலை மேல கருவிய வச்சு அளக்க ஆரம்பிச்சப்ப காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துல சுமார் 315 பங்கு. இப்ப 420 தாண்டிருச்சு. தொழிற்புரட்சிக்கு முன்னாடி 280. அது நம்ம எரிச்சதுல இருந்து வந்ததான்னு கேட்டா, அதுக்கும் கைரேகை இருக்கு. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கெடந்ததால அதுல கார்பன் 14 (காலப்போக்குல தானா அழிஞ்சு போற ஒரு வகை கார்பன்) சுத்தமா இருக்காது. காத்துல அந்த பழைய கார்பன் கலக்க கலக்க கார்பன் 14 ஓட பங்கு நீர்த்துப் போறத அம்பதுகள்லயே அளந்துட்டாங்க. எரியறதுக்கு ஆக்ஸிஜன் செலவாகும்ல, அதுவும் காத்துல துளித்துளியா கொறையுது, கீலிங்கோட மகன் ரால்ஃப் அத அளந்துட்டு வர்றாரு. அப்பா ஒரு கேஸோட வரவ எழுதுனாரு, புள்ள இன்னொரு கேஸோட செலவ எழுதுறாரு.

ராத்திரிஷிப்ட்:
கார்பன் 14 விஷயம் எனக்கு தெரியாது. ஒத்துக்கறேன். ஆனா கடல்ல இருந்தும் காட்டுல இருந்தும் வர்ற கார்பன் நம்ம விடுறத விட பல மடங்குன்னு படிச்சிருக்கேனே?

கணக்குப்பிள்ளை:
வர்றதும் அதிகம், திரும்பிப் போறதும் அதிகம் நண்பா. தொட்டியில ஒரு பெரிய குழாய், அடியில அதே அளவு பெரிய ஓட்டை, தண்ணி மட்டம் அசையாம நிக்குது. இப்ப நீ பக்கத்துல சின்ன குழாய் ஒண்ண தொறந்து விட்ட. சின்னது தான். ஆனா மட்டம் ஏறுமா ஏறாதா? நம்ம சின்ன குழாய் வருஷத்துக்கு சுமார் 3,700 கோடி டன், எரிபொருள் மட்டும். அதுல பாதிய கடலும் காடும் எப்படியோ முழுங்கிக்குது, மீதி பாதி தொட்டியில தங்கிருது. குழாயோட வேகத்த கொறச்சா கூட மட்டம் ஏறிட்டே தான் இருக்கும், மெதுவா ஏறும் அவ்வளவு தான். நெறைய பேரு எங்க தப்பு பண்றாங்கன்னா "இந்த வருஷம் கொஞ்சம் கம்மியா விட்டோம், சரியாயிடும்"னு நெனைக்கறாங்க.

அரைகுறை_ஞானி:
அடேங்கப்பா, நான் ரெண்டு மார்க்குக்கு ஜோக்கு போட்டேன், இங்க ஆராய்ச்சியே நடக்குது. என் சந்தேகத்தையும் கேட்டுக்கறேன். ஜனத்தொகை தானே எல்லாத்துக்கும் காரணம்? ஆளு கொறஞ்சா எல்லாம் சரியாயிடும், அத யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறீங்க.

பழைய_வாத்தியார்:
அதுக்கு ஒரு மான் கதை உண்டு. பெரிங் கடல்ல செயின்ட் மேத்யூன்னு ஆளில்லாத தீவு. 1944ல அமெரிக்க கடலோரக் காவல் படை அங்க 29 துருவ மான்கள கொண்டு போய் விட்டாங்க, அவசரத்துக்கு சாப்பாடாகுமேன்னு. போர் முடிஞ்சு ஆளுங்க கெளம்பிட்டாங்க. தீவு முழுக்க லைக்கன், பாசி மாதிரி படர்றது, மானுக்கு தீனி, ரொம்ப நிதானமா வளர்ற ஜாதி. மான வேட்டையாட வர்ற ஓநாயும் கெடையாது. 1963ல 6,000 மான். அடுத்த பனிக்காலம் கடுமையா இருந்துச்சு, 1966ல போய் பாத்தா 42. அதுல கெடா ஒண்ணே ஒண்ணு. அப்பறம் அந்த வம்சமே இல்லாம போச்சு. நூறு வருஷமா சேந்த முதல வட்டின்னு நெனச்சு தின்னுருச்சுங்க.

ஆனா இந்த கதைய நான் வகுப்புல சொன்னா ஒடனே பின்னாடியே இன்னொண்ணும் சொல்லுவேன், ஏன்னா பசங்க அத புடிச்சிக்கிட்டு ஏழைங்க மேல பாய்வாங்க. எல்லா மானும் ஒரே அளவு தான் திங்கும். மனுஷன் அப்படி இல்ல. ஒலகத்துல வசதியான பத்து சதவீதம் பேரு விடுற கார்பன் மொத்தத்துல கிட்டத்தட்ட பாதி. நீ எந்த ஆள கொறைக்கணும்னு சொல்ற?

அரைகுறை_ஞானி:
என்னைய தவிர யார வேணாலும்.

கூலிங்மெக்கானிக்:
வணக்கம். நான் ஏசி மெக்கானிக், ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்வேன், இன்னிக்கு எழுதலாம்னு தோணுச்சு. தம்பி "நான் ஒருத்தன் என்ன மாத்த முடியும்"னு கேட்டாரே அதுக்கு என் தொழில்ல இருந்து ஒண்ணு சொல்றேன். வீட்டு ஏசில ஒரு கிலோ பக்கம் கேஸ் இருக்கும். பழைய மாடல்ல 410ஏ. அந்த கேஸ் ஒரு கிலோ காத்துல கலந்தா 2,000 கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்கு சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிச்சா 2.3 கிலோ தான் வரும், நீங்களே வகுத்துக்குங்க, 900 லிட்டர் பெட்ரோல் கணக்கு வரும். இத எனக்கு ஒரு டிரெய்னிங்ல சொன்னப்ப தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா நான் தொழில் பழகுன எடத்துல ஏசிய கழட்டி வேற ரூமுக்கு மாத்தணும்னா என்ன செய்வோம்னா ஃப்ளேர் நட்ட (பைப்ப இணைக்கற நட்டு) லூஸ் பண்ணி புஸ்ஸுனு மொத்தத்தையும் வெளிய விட்டுருவோம், ரெண்டு நிமிஷ வேலை, போற எடத்துல புதுசா கேஸ் ஏத்தி அதுக்கும் காசு. மொதலாளி அப்படித்தான் செய்யச் சொல்லுவாரு, நானும் எத்தன ஏசிக்கு செஞ்சிருப்பேனோ கணக்கே இல்ல.

இப்ப பம்ப் டவுன் பண்றேன். ஏசிய கூலிங்ல ஓட விட்டு, அவுட்டோர்ல சின்ன பைப் வால்வ ஆலன் கீ போட்டு மூடிட்டு, கேஜ பாத்துக்கிட்டே நிக்கணும், முள்ளு பூஜ்யத்துக்கு வர்ற நேரம் பெரிய பைப்பையும் மூடி சட்டுனு ஆஃப் பண்ணணும். உள்ள இருந்த கேஸ் பூரா அவுட்டோர்லயே அடங்கிரும். பத்து நிமிஷம் கூட எடுக்கும், ஒத்த பைசா செலவு கெடையாது. உங்க வீட்ல ஏசி கழட்ட ஆள் வந்தா "பம்ப் டவுன் பண்ணிட்டு கழட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க வருஷக்கணக்கா லைட்ட அணைக்கறத விட அந்த ஒரு வார்த்தை பெருசு. அப்பறம், வருஷாவருஷம் கேஸ் ஏத்தணும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. லீக் இல்லன்னா கேஸ் கொறையவே கொறையாது. சோப்பு நுரை போட்டு லீக்க காட்டச் சொல்லுங்க.

மழைக்குருவி:
அண்ணே, இது எந்த புக்குலயும் இல்ல. ரொம்ப நன்றி.

பழைய_வாத்தியார்:
மெக்கானிக் ஐயா, நீங்க எழுதுனதுல ஒரு பெரிய வரலாறே இருக்கு. ஃப்ரிட்ஜ்லயும் ஸ்ப்ரே டப்பாவுலயும் இருந்த சிஎஃப்சி கேஸு ஓசோன தின்னும்னு மொலினா, ரோலண்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1974ல கணக்கு போட்டு சொன்னாங்க. கம்பெனிக்காரங்க சிரிச்சாங்க. 1985ல அண்டார்டிகா மேல ஓசோன் படலத்துல ஓட்டை இருக்குன்னு பிரிட்டிஷ்காரங்க அளந்து வெளியிட்டாங்க. 1987ல அந்த மாதிரி கேஸுங்கள நிறுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம், பின்னாடி உலகத்துல இருக்கற எல்லா நாடும் கையெழுத்து போட்டுச்சு. அண்டார்டிகா மேல 2066 வாக்குல 1980ல இருந்த நெலைமைக்கு திரும்பிரும்னு கணிச்சிருக்காங்க. சிஎஃப்சிக்கு பதிலா வந்தது தான் நீங்க சொல்ற 410ஏ மாதிரி ஹெச்எஃப்சி, ஓசோன தொடாது, ஆனா சூடேத்தும். அதயும் கொறைக்க 2016ல ருவாண்டா நாட்டு கிகாலியில அந்த ஒப்பந்தத்துக்கு தனியா ஒரு திருத்தம் போட்டாங்க.

தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு இதுல பதில் இருக்கு. ஓசோன யாரும் ஸ்ப்ரே டப்பா வாங்காம இருந்து மட்டும் காப்பாத்தல. சட்டம் வந்துச்சு, ஃபாக்டரியில கேஸ் மாறுச்சு. ஆனா மாறுன சட்டத்த கடைசியில நடத்திக் காட்டுறது ஃப்ளேர் நட்ட கையில வச்சிருக்கற ஆளு.

ராத்திரிஷிப்ட்:
இத நான் ஏத்துக்கறேன், ஏன்னா எனக்கு எரிச்சலே அங்க தான். எல்லா பழியையும் சாதாரண ஆள் தலையில கட்டுறாங்க. "உன் கார்பன் தடம் எவ்வளவு"ன்ற பேச்ச ஊர் ஊரா பரப்புனதே பிபின்ற எண்ணெய் கம்பெனியோட விளம்பரம் தான், 2004ல இணையத்துல கால்குலேட்டர் எல்லாம் வச்சாங்க. எண்ணெய் விக்கறவன் நம்மள பாத்து நீ எவ்வளவு எரிச்சன்னு கேக்கறான்.

மண்வாசனை:
அது உண்மை தான் ஷிப்ட் அண்ணே, ஆனா அத சொல்லியே ஒண்ணும் செய்யாம ஒக்காந்திருக்கற கூட்டமும் இருக்கே.

கணக்குப்பிள்ளை:
செய்யறதுன்னா எத செய்யணும்னு கணக்கு போட்டு செய்யணும், அது தான் என் கட்சி. சார்ஜர பிளக்ல இருந்து புடுங்கு புடுங்குன்னு எல்லா போஸ்டர்லயும் இருக்கும். நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.1 வாட் எடுக்கும், வருஷம் பூரா சொருகியே வச்சாலும் ஒரு யூனிட் ஆகாது. ஒரு பக்கெட் தண்ணி, 20 லிட்டர், 20 டிகிரி சூடேத்தணும்னா ஹீட்டர் எடுக்கறது கிட்டத்தட்ட அரை யூனிட். அதாவது ரெண்டு பக்கெட் சுடுதண்ணி ஒரு வருஷ சார்ஜர முழுங்கிரும். ஒரு பக்கெட் சுடுதண்ணிக்கு உங்க போன இருபது தடவ ஃபுல் சார்ஜ் போடலாம். சூடாக்குறதும் குளிரடிக்கறதும் நகத்துறதும் தான் கரண்ட தின்னும், மினுக்மினுக்னு எரியற சிவப்பு லைட்டு இல்ல.

துணிப்பையும் அதே கதை. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018ல ஒரு கணக்கு போட்டாங்க. பருவநிலைய மட்டும் பாத்தா சாதா பருத்திப் பைய 52 தடவ பயன்படுத்துனா தான் மெல்லிசு பிளாஸ்டிக் பைக்கு சமமாகும். தண்ணி, ஓசோன், இன்னபிற எல்லா கெடுதலையும் சேத்துப் பாத்தா 7,100 தடவ. என் வீட்ல கூட்டத்துல ஓசியா குடுத்த துணிப்பை மட்டும் முப்பது கெடக்கு, எல்லாம் "பூமியைக் காப்போம்"னு அச்சடிச்சது.

மண்வாசனை:
அந்த கணக்குல பை கடலுக்கு போனா என்ன ஆகும்னு சேக்கல. 1950ல இருந்து 2015 வரைக்கும் ஒலகத்துல செஞ்ச பிளாஸ்டிக் 830 கோடி டன், குப்பையானதுல மறுசுழற்சி ஆனது 9 சதவீதம் தான். மிச்சம்? ஆமை வயித்துல இருக்கறத எந்த யூனிட்டுல எழுதுவீங்க?

கணக்குப்பிள்ளை:
அது நியாயம். ஒரு தப்பான பதிலுக்கு இன்னொரு தப்பான பதில் மாத்து இல்லன்னு மட்டும் தான் சொல்ல வந்தேன். இருக்கற பைய கிழியற வரைக்கும் பயன்படுத்துங்க, எதுவா இருந்தாலும்.

அப்பறம் இன்னொரு வில்லங்கம் இருக்கு, ஜெவன்ஸ்னு ஒருத்தரு 1865லயே சொன்னது. நீராவி இஞ்சின் நிலக்கரிய கம்மியா தின்ன ஆரம்பிச்சதும் நிலக்கரி செலவு கொறையல, ஏறிருச்சு, ஏன்னா இஞ்சின் ஓட்டறது மலிவாயிருச்சு, எல்லாரும் ஓட்டுனாங்க. எல்ஈடி வந்த பின்னாடி 60 வாட் குண்டு பல்பு வேலைய 9 வாட் பாக்குது. எங்க மாடிப்படியில முன்னாடி ஒரு பல்பு, ஏறும்போது போட்டு ஏறுனதும் அணைப்போம். இப்ப நாலு, ராத்திரி பூரா எரியுது, "எல்ஈடி தானே"ன்னு.

மழைக்குருவி:
அப்ப "நிலைத்த வாழ்வு"ன்னா என்ன தான் சார்? புக்குல "வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குந்தகமின்றி நிகழ்காலத் தேவைகளை நிறைவு செய்தல்"னு இருக்கு. மனப்பாடம் ஆயிருச்சு, மண்டையில ஏறல.

பழைய_வாத்தியார்:
அது 1987ல நார்வே பிரதமரா இருந்த ப்ருண்ட்லாண்ட் அம்மா தலைமையில ஐநா குழு சொன்னது. நல்ல வரி தான், ஆனா அதுல பிடிமானம் இல்ல, எவன் வேணும்னாலும் தனக்கு சாதகமா வளைச்சிக்கலாம். எனக்கு புடிச்சது அத விட பழசு. 1713ல ஜெர்மனியில சாக்சனி பக்கம் கார்லோவிட்ஸ்னு ஒருத்தரு, சுரங்க நிர்வாகி. சூழல் ஆர்வலர் எல்லாம் கெடையாது. வெள்ளித் தாது உருக்க விறகு வேணும், சுத்துவட்டாரத்துல காட்டையெல்லாம் வெட்டித் தீத்தாச்சு, சுரங்கம் நின்னு போகுமேன்னு பயம். வளர்ற அளவுக்கு மட்டும் வெட்டணும்னு எழுதுனாரு. இன்னிக்கு ஜெர்மன்காரங்க நிலைத்தன்மைக்கு சொல்ற வார்த்தையே அந்த எழுத்துல இருந்து வந்தது தான். லாபம் பாக்கற ஆளுக்கு வந்த பயத்துல பொறந்த சொல்லு, அதனால தான் அதுல ஒரு கறார் இருக்கு.

ஹெர்மன் டேலின்னு பொருளாதாரக்காரரு அத இன்னும் இறுக்கிக் கட்டுனாரு. மீனோ மரமோ தண்ணியோ, திரும்ப ஊறுற வேகத்துக்கு மேல எடுக்காத. எண்ணெய் மாதிரி ஊறாத சரக்கு, அத தீக்கற வேகத்துலயே மாத்து வழியையும் உண்டாக்கு. கழிவு, பூமி செரிக்கற வேகத்துக்கு மேல கொட்டாத. மூணுலயும் "வேகம்"ன்ற வார்த்தை இருக்கு பாத்தியா? எதயுமே தொடாதன்னு அவரு சொல்லல. செயின்ட் மேத்யூ மான்கள் லைக்கன் தின்னது தப்பில்ல, அது வளர்ற வேகத்துக்கு மேல தின்னது தான் தப்பாப் போச்சு. கண்ணாடி வீட்டுல மண்ணு சுவாசிச்சது தப்பில்ல, செடியோட வேகம் பத்தல.

ராத்திரிஷிப்ட்:
பொதுச் சொத்துன்னா எவனும் வேகத்த பாக்க மாட்டான் சார். நான் எடுக்கலன்னா அடுத்தவன் எடுப்பான்.

பழைய_வாத்தியார்:
1968ல ஹார்டின்னு ஒரு சூழலியல்காரரு இதையே தான் சொன்னாரு, பொது மேய்ச்சல் நிலம் அழிஞ்சே தீரும்னு. எலினார் ஆஸ்ட்ரம்னு ஒரு ஆய்வாளர் நெஜத்துல என்ன நடக்குதுன்னு ஆராய்ஞ்சு பாத்தாங்க, சுவிஸ் மலை மேய்ச்சல், ஸ்பெயின் பாசன வாய்க்கால், ஜப்பான் கிராமத்துக் காடு. நூத்துக்கணக்கான வருஷமா அழியாம நடக்குது. பங்கு யாருக்கு எவ்வளவுன்னு அவங்களே விதி போட்டு, அவங்களே காவல் வச்சு, மீறுனவனுக்கு மொதல்ல சின்ன தண்டனை. அதுக்காக 2009ல பொருளாதார நோபல், அந்த பரிசு வாங்குன மொத பெண். பொதுச் சொத்து அழியறது விதி இல்ல, விதி இல்லாத எடத்துல அழியும்.

மழைக்குருவி:
சார், அண்ணே, எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் கழிச்சு எழுதறேன். அசைன்மென்டுக்கு போஸ்டர் வரையச் சொன்னாங்க, நான் அதுக்கு பதிலா வீட்டுக்குள்ள என்ன வருது என்ன வெளிய போகுதுன்னு ஏழு நாள் எழுதுனேன். குப்பைய தெனமும் தராசுல வச்சேன், அம்மா என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. நாலு பேரு வீட்டுல ஏழு நாளைக்கு குப்பை மொத்தம் 11 கிலோ, அதுல 7 கிலோ சமையக்கட்டு கழிவு, தோலு, தண்டு, மீந்து போனது. பிளாஸ்டிக் பை நெறையற மாதிரி தெரியும், எடை போட்டா ஒண்ணரை கிலோ கூட இல்ல. மீந்து கொட்டுனது மட்டும் ரெண்டு கிலோ இருக்கும், அத பாத்து அம்மாவே அடுத்த நாள் அளவ கொறச்சுட்டாங்க.

மண்வாசனை:
சபாஷ். ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட கணக்குல 2022ல ஒலகம் பூரா வீணான சாப்பாடு 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து. உங்க தராசு அதையே தான் காட்டிருக்கு. அந்த ஏழு கிலோ குப்பை மேட்டுக்கு போனா அடியில காத்தில்லாம அழுகி மீத்தேனா வரும். நூறு வருஷக் கணக்குல பாத்தா மீத்தேன் கார்பன் டை ஆக்சைட விட 27 மடங்குக்கு மேல சூடேத்தும். வீட்டுலயே மக்க வச்சா அந்த பிரச்சனை இல்ல.

மழைக்குருவி:
அக்கா அதையும் செஞ்சு பாத்துட்டேன், அங்க தான் மாட்டிக்கிட்டேன். ஒரு பெயிண்ட் பக்கெட்ல எல்லாத்தையும் போட்டு நாத்தம் வரக்கூடாதுன்னு மூடிய இறுக்கி மூடி வச்சேன். அஞ்சாம் நாள் தொறந்தா செத்த எலி மாதிரி வாடை, அடியில கருப்பா தண்ணி, வெள்ளையா புழு நெளியுது. அம்மா பக்கெட்டோட என்னையும் வெளிய வச்சுட்டாங்க.

மண்வாசனை:
ஹாஹா, எல்லாருக்கும் மொத பக்கெட் அப்படித்தான். என்னோடது பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. நீங்க வீட்டுக்குள்ளயே குட்டி குப்பை மேடு கட்டிட்டீங்க, அவ்வளவு தான். காத்து போகல, பச்சைக் கழிவு மட்டும் போட்டதால நைட்ரஜன் ஜாஸ்தி, தண்ணியும் ஜாஸ்தி. கார்பன் 25ல இருந்து 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்குன்னு இருந்தா நுண்ணுயிருக்கு தோதுப்படும். அளந்தெல்லாம் பாக்க வேண்டாம், ஒரு கை பச்சைக்கு ரெண்டு மூணு கை காய்ஞ்ச சருகு, இல்லன்னா கிழிச்ச அட்டைப்பெட்டி. கையில எடுத்து பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. புழுவ பாத்து பயப்படாதீங்க, அது மக்க வைக்கற வேலைய தான் பாக்குது, சருகு போட்டு மூடுனா மேல வராது. பக்கெட்ட தூக்கிப் போட்டுட்டீங்களா?

மழைக்குருவி:
இல்ல, மாடியில வெயில்ல இருக்கு.

மண்வாசனை:
நிழலுக்கு மாத்துங்க. பக்கெட் அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை இருக்கா?

மழைக்குருவி:
ஓட்டை போடணுமா?

கூலிங்மெக்கானிக்:
டிரில் இல்லன்னா ஆணிய சூடு பண்ணி குத்து தம்பி. ஜன்னல தொறந்து வச்சுக்கோ, பெயிண்ட் பக்கெட் புகையும்.